சாவுக்கு ஒரு மாடு

புகாவு
மார்ச் 8

அன்புள்ள முகிஷோ அண்ணாவுக்கு,

நிசிமிரே எழுதுகிறேன். நான் சுகம். நீ, அம்மா, தங்கை நபிந்து மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? மழை அளவாகப் பெய்ததா? பீன்ஸ் பூத்துவிட்டதா? மாடு சுகமா? என் கடைசி வருடப் படிப்புக்காக அதை விற்றுவிட்டோம் என்பது மறக்கவில்லை. ஆனால் மாட்டை விசாரிக்காமல் கடிதம் தொடங்க எனக்குக் கை வரவில்லை.

அங்கே போன் டவர் எரிந்த நாளிலிருந்து உன் குரல் கேட்கவில்லை. சீஸ்காரர் சிருசாதான் வழி சொன்னார். வாரம் ஒருமுறை உங்கள் மேட்டுக்கு வந்து சீஸ் வாங்கிப் போகிறாராமே. "என் கூடைக்குள்ள வச்சா எந்தப் பட்டாளத்தானும் மூக்க நுழைக்க மாட்டான் பாப்பா. நாத்தம் அப்படி" என்றார். கடிதத்தில் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்.

எனக்கு இந்த நகரத்திலேயே வேலை கிடைத்துவிட்டது. தாது வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கிடங்கில். நீ தோண்டுகிறாயே, அதே கறுப்பு மணல்தான். இங்கே கோல்டான் என்கிறார்கள். மூட்டையை நிறுத்து, வாயில் முத்திரைச் சீட்டைக் கட்ட வேண்டும். சீட்டு இருந்தால் சண்டை இல்லாத குன்றிலிருந்து வந்த மணல் என்று பொருள். இல்லாவிட்டால் கப்பல் ஏறாது. முதல் நாள் முதலாளி பாலகிசி என்னைப் பார்த்துவிட்டு மற்றவர்களிடம், "இது பேசுமா, இல்ல தலைய மட்டும் ஆட்டுமா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள்.

ருஷேகாக் குன்றிலிருந்து அரசாங்கப் படை இறங்கிவிட்டது, வேறு ஆட்கள் ஏறிவிட்டார்கள் என்று கிடங்கில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா? நபிந்துவின் பள்ளிக்கூடம் நடக்கிறதா? அவளுக்கு ஒரு பேனா வாங்கி வைத்திருக்கிறேன்.

அம்மாவின் கையை நான் பிடித்துக்கொண்டதாகச் சொல்.

உன் தங்கை
நிசிமிரே


ருஷேகா
ஏப்ரல் 2

அன்புள்ள நிசிமிரேவுக்கு,

உன் அண்ணன். எல்லாரும் சுகம். மழை அதிகம். அம்மாவுக்கு முழங்கால் வலி, பழைய வலிதான், புதிதாக ஒன்றுமில்லை. இல்லாத மாடும் சுகம். விசாரித்ததற்கு நன்றி சொல்லச் சொன்னது.

நீ கேள்விப்பட்டது உண்மை. முன்பு இருந்தவர்கள் மூட்டைக்கு ஒரு பங்கு எடுத்தார்கள். இவர்களும் எடுக்கிறார்கள். வித்தியாசம் வியாழக்கிழமையில்தான். அன்று குழிக்குள் இறங்குகிற ஒவ்வொருவனும் இவர்களுடைய கமாண்டருக்காகத் தோண்ட வேண்டும். அதற்கு ஊர்வேலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "வாரத்துல எத்தனை வியாழன்யா வரும்?" என்று என் கூட்டாளி ஒருவன் கேட்டுவிட்டான். கமாண்டரின் ஆள் கோபப்படவில்லை. "விலை ஏறினா ரெண்டு வரும்" என்றான். இந்த வாரம் இரண்டு வந்தது.

எதிர்க்குன்றிலும் மணல் இருக்கிறதாம். அதற்காகச் சண்டை. குண்டுகள் எங்கள் தலைக்கு மேலேதான் போகின்றன. முதலில் அம்மா ஒவ்வொன்றுக்கும் சிலுவை போட்டாள். கை வலிக்கிறது என்று இப்போது விட்டுவிட்டாள்.

நபிந்து வளர்ந்துவிட்டாள். அம்மாவின் துணி அவளுக்குச் சரியாக இருக்கிறது.

அம்மா சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "படிச்சது போதும், வாயத் தொறந்து நாலு பேருகிட்டப் பேசச் சொல்லு. பேசாத பொண்ண எவன் கட்டுவான்?"

உனக்கு வேலை கிடைத்த செய்தியைக் குழியின் அடியில் நின்று எல்லாருக்கும் கத்திச் சொன்னேன். மேலே வரைக்கும் எதிரொலித்தது.

நன்றாகச் சாப்பிடு.

அண்ணன்
முகிஷோ


புகாவு
ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். அம்மாவின் முழங்காலுக்குச் சிருசாவிடம் தைலம் கொடுத்திருக்கிறேன். சூடு பறக்கத் தேய்க்கச் சொல்.

நேற்று வந்த மூட்டைகளில் சிலவற்றின் வாயை வாழைநாரால் குறுக்காகத் தைத்து, கடைசி முடிச்சை உள்ளே தள்ளியிருந்தது. அப்பா அப்படித்தான் தைப்பார். அவர் குழிக்குள் இறந்த பிறகு நீயும் அப்படித்தான் தைக்கிறாய். நான் கையை வைத்தபடி நின்றுவிட்டேன். முதலாளி கபெரேக் குன்றின் சீட்டுகளைக் கொடுத்துக் கட்டச் சொன்னார். கபெரேயில் சண்டை இல்லை. மணலும் தீர்ந்து இரண்டு வருடமாகிறது.

"ஐயா, இது கபெரே மணல் மாதிரி தெரியல" என்றேன். வேலையில் சேர்ந்து நான் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

"மணல் வந்து உங்கிட்ட ஊர் பேரச் சொல்லிச்சா?" என்றார். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, "நம்மகிட்ட ஒரு வார்த்த பேசமாட்டா. மணலோட பேசுறா பாரு" என்றார்.

கட்டினேன், அண்ணா. உன் மூட்டைக்கு நான்தான் கட்டினேன்.

நபிந்துவின் பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டிருந்தேன். நீ அவள் உயரத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். இங்கே என் அறை இருவருக்குப் போதும். அடுத்த நடையில் சிருசாவோடு அவளை அனுப்பிவிடு.

ஆவலோடு பார்த்திருக்கும்
நிசிமிரே


ருஷேகா
மே 22

அன்புள்ள நிசிமிரேவுக்கு,

சுகம் விசாரித்து எழுத இந்தமுறை முடியவில்லை. அம்மா தைலம் தேய்த்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் கமாண்டரின் ஆட்கள் படுக்கிறார்கள். பெஞ்சுகளை விறகாக எரித்தாகிவிட்டது. நபிந்து ஓடையில் மற்றப் பெண்களோடு மணல் அலசுகிறாள். கமாண்டர் இரண்டு முறை ஓடைக்கு வந்தார். முதல் முறை அவளுக்கு ஒரு சோப்புக் கட்டி கொடுத்தார். அடுத்த முறை இடுப்பில் சுற்ற ஒரு கிடெங்கே துணி. போன வாரம் அவருடைய ஆள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "பீன்ஸ் அறுப்பு முடியட்டும். உங்க சின்னப் பொண்ணு கமாண்டர் வீட்டுல சமைக்க வரணும்" என்றான். அவளுக்குப் பதினைந்து வயது. இதற்கு முன் அந்த வீட்டுக்குச் சமைக்கப் போன பெண் திரும்பி வரவில்லை. இதற்கு மேல் எழுத மாட்டேன்.

அனுப்பிவிடு என்று நீ எளிதாக எழுதிவிட்டாய். கமாண்டரின் கையெழுத்து இல்லாமல் இங்கிருந்து யாரும் இறங்க முடியாது. குடும்பம் இறங்கினால் தோண்டுகிறவனும் இறங்கிவிடுவான் என்று அவருக்குத் தெரியும். ஒன்றே ஒன்றுக்குத்தான் விடுகிறார்: சாவுக்கு. சாவு வீட்டுக்குப் போகிறவர்களை மறித்தால் செத்தவர் வந்து மறித்தவன் கழுத்தில் உட்கார்ந்துகொள்வார் என்று அவருடைய ஆட்களே பயப்படுகிறார்கள்.

அதனால், நிசிமிரே, நீ சாக வேண்டும்.

ரேடியோவில் சொல்ல ஏற்பாடு செய். மாலை மரண அறிவிப்பை இங்கே எல்லாரும் கேட்கிறார்கள், கமாண்டரும்தான். இறந்த பெண்ணின் உடலைத் தாயும் கூடப்பிறந்தவளும்தான் கழுவ வேண்டும். அந்த முறையை அவர் மறுக்க முடியாது. இருவரையும் இறக்கிவிட்டால் போதும், என் பாட்டை நான் பார்த்துக்கொள்வேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். தெரியாமல் கேட்டால் அவள் தாங்க மாட்டாள்.

அறுப்புக்கு முன் செத்துவிடு.

அண்ணன்
முகிஷோ


புகாவு
ஜூன் 4

அன்புள்ள அண்ணா,

இது உன் கைக்கு வரும்போது நான் இறந்து சில நாள் ஆகியிருக்கும். நான் சுகம். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

ரேடியோ நிலையத்து வாசலில் நான்கு முறை நடந்துவிட்டுத்தான் உள்ளே போனேன். அறிவிப்புகளை வாங்கி எழுதுகிறவர் எஸ்பெரான்ஸ் அக்கா. தடித்த கண்ணாடி, கனிவான குரல்.

"செத்தவங்க உனக்கு என்ன வேணும்மா?"

"நெருங்கின சொந்தம்."

"என்னாச்சு?"

அதை நான் யோசித்துக்கொண்டு போகவில்லை. "காய்ச்சல்" என்றேன்.

"கல்யாணம் ஆனவங்களா?"

"இல்ல."

"படிச்சவங்களா?"

"பட்டதாரி. குடும்பத்துல முதல் ஆள்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எத்தனை பேரு வயித்தக் கட்டிப் படிக்க வச்சாங்களோ" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்துவந்து என் தலையைத் தடவித் தண்ணீர் கொடுத்தார். பொய் சொல்லி ஆறுதல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மாலையில் வீட்டுக்காரம்மாவின் ரேடியோவில் கேட்டேன். அப்பா பெயர், அம்மா பெயர், உன் பெயர், பிறகு என் பெயர், பெயருக்குப் பின்னால் பட்டம். பட்டமளிப்பு அன்றுகூட என் பெயரை இவ்வளவு நிறுத்தி நிதானமாக யாரும் வாசித்ததில்லை.

மறுநாள் கிடங்குக்குப் போனால் முதலாளி, "செத்தவளுக்குச் சம்பளம் உண்டான்னு இப்பத்தான் கணக்குப்பிள்ளைகிட்டக் கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார். அதே பெயரில் வேறொரு பெண் என்று சொல்லிவிட்டேன். என் சாவுக்கென்று வசூலித்ததைக் கிடங்குக் காவலாளிகள் இரவே வாழைப்பழக் கள்ளாகக் குடித்துவிட்டார்கள். பெரியவர் ஒருவர் மட்டும் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

நபிந்துவுக்குப் பாய் வாங்கிவிட்டேன். சீக்கிரம் அனுப்பு.

நிசிமிரே


ருஷேகா
ஜூன் 9

அன்புள்ள நிசிமிரேவுக்கு,

நீயாவது சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நாம் தப்புச் செய்துவிட்டோம். உன் பெயரை ரேடியோவில் வாசித்ததும், எல்லாம் தெரிந்திருந்த அம்மா நிஜமாகவே விழுந்துவிட்டாள். தண்ணீர் தெளித்து எழுப்பினோம். அதைப் பார்த்து ஊர் முழுக்க நம்பியது. மறுநாள் கமாண்டரே வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். உடல் கழுவ அம்மாவும் நபிந்துவும் போக வேண்டும் என்று சொன்னேன்.

"கல்யாணம் ஆகாத பொண்ணுன்னுதான ரேடியோவுல சொன்னான்?" என்றார்.

"ஆமாங்க."

"அப்ப அப்பன் மண்ணுலதான படுக்கணும்? நானும் மாடு வளர்த்த வீட்டுப் பையன்தான், முறை எனக்கும் தெரியும். நீங்க எதுக்கு அலையணும்? உடம்பு இங்க வரட்டும். இங்கயே கழுவுங்க. வழியில என் ஆளுங்க வண்டிய நிறுத்த மாட்டாங்க."

நீயும் நானும் எத்தனை சாவு வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம். இதை எப்படி மறந்தோம் என்றே தெரியவில்லை. நீ பள்ளியில் இருந்தாய், நான் குழிக்குள் இருந்தேன். நம் முறைகள் நடுவில் எங்கோ விழுந்துவிட்டன.

அவர் ஆள் அனுப்பி வீட்டுக்குப் பின்னால், அப்பாவின் பக்கத்தில் உனக்குக் குழி வெட்டச் சொன்னார். நானும் வெட்டினேன். சும்மா நின்றால் சந்தேகம் வரும். தோண்டுவதே எங்கள் தொழில், அதனால் பக்கங்கள் நூல் பிடித்ததுபோல் இருக்கின்றன. அம்மா காலையில் கதவைத் திறந்தால் அதுதான் முதலில் தெரிகிறது. "அத மூடுடா, மூடுடா" என்று புலம்புகிறாள். மூடினால் என்ன சொல்வது?

ஆஸ்பத்திரிக்காரர்கள் உடலைத் தரத் தாமதம் செய்கிறார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பீன்ஸ் காய் காய்ந்துவிட்டது.

ஒரே வழிதான் தெரிகிறது. கட்டிக்கொடுத்த பெண்ணைக் கணவன் வீட்டில்தான் புதைப்பார்கள். உனக்கு உடனே ஒரு கணவன் வேண்டும்.

முகிஷோ


புகாவு
ஜூன் 13

அன்புள்ள அண்ணா,

அம்மாவிடம் நான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன் என்று சொல். குழியின் பக்கம் போகவிடாதே.

உன் கடிதத்தைச் சிருசாவின் வண்டி பக்கத்திலேயே நின்று படித்தேன். படித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் அவரிடமே நீட்டிவிட்டேன். அவர் எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். பிறகு சீஸ் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "என் பேரப் போடு."

"உங்களுக்கு ஆபத்து."

"ஆபத்து கெடக்கட்டும். பத்து வருஷமாப் பொண்ணு தேடுறேன். சம்மதிச்ச ஒரே பொண்ணும் கல்யாணத்துக்கு முந்தியே செத்துப்போச்சு. இந்தக் கதைய ஊருல சொன்னா எனக்கு ஓசியில கள்ளு கிடைக்கும் பாப்பா." சொல்லிவிட்டு அன்று மதியமே துக்கத்துக்குத் தலையை மழித்துக்கொண்டு வந்து நின்றார்.

மறுபடி எஸ்பெரான்ஸ் அக்காவிடம் போனேன். திருத்தம் என்றேன். இறந்தவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, வீட்டுக்குச் சொல்லாமல் செய்துகொண்டார், கணவர் பெயர் இது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை வெகுநேரம் பார்த்தார்.

"மேல யாரு மாட்டிக்கிட்டு இருக்கா?"

"தங்கச்சி."

அதற்கப்புறம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. காசும் வாங்கவில்லை. இன்று மாலை இரண்டு தரம் வாசித்தார்.

நல்ல சேதிக்குக் காத்திருக்கும்
நிசிமிரே


ருஷேகா
ஜூன் 21

அன்புள்ள நிசிமிரேவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். சிருசா வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டார்.

கமாண்டர் திருத்தத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "பட்டதாரிப் பொண்ண ஒரு சீஸ்காரனுக்கா குடுத்தீங்க? எத்தனை மாடு வாங்கினீங்க?" என்றார். இன்னும் ஒன்றும் வாங்கவில்லை என்றேன். வேறென்ன சொல்வது.

"பொண்ணு வீட்டுக்கு மாடு குடுக்காதவன் எப்படிப் பொணத்த எடுப்பான்? போங்க, கழுவுங்க, அழுங்க. ஆனா மாடு வாங்காம மண்ணு போட விடாதீங்க. மாடு என்கிட்ட வரட்டும். அது வர்ற வரைக்கும் பையன் இங்கயே இருக்கட்டும்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இருவர் பெயருக்கு. அம்மா என்னை விட்டு வர மறுத்தாள். நபிந்துவைக் காட்டினேன், ஏறிவிட்டாள்.

உன் குழியை மூடிவிட்டேன். அதன் மேல் அம்மாவின் மரவள்ளிக் குச்சிகளை நட்டிருக்கிறேன். அம்மாவிடம் சொல்.

நபிந்துவுக்குச் சம்பாசா மீன் வறுத்துக் கொடு. அவளிடம் எதுவும் கேட்காதே.

நான் சுகம். இனிமேல் நீ கேட்காவிட்டாலும் நான் சுகம் என்றே வைத்துக்கொள்.

முகிஷோ


புகாவு
ஆகஸ்ட் 16

அன்புள்ள அண்ணா,

இவர்கள் வந்த பிறகு உனக்கு எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டும் சிருசாவின் கூடையிலேயே திரும்பி வந்துவிட்டன. பாலத்துக்கு அந்தப் பக்கம் சண்டை, இரண்டு முறையும் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றையும் சேர்த்து அனுப்புகிறேன்.

நபிந்து வந்த நாளில் இரண்டு தட்டு மீன் சாப்பிட்டாள். நீ சொன்னபடி எதுவும் கேட்கவில்லை. சோப்பைத் தொட மாட்டேன் என்கிறாள். சாம்பல் தேய்த்துக் குளிக்கிறாள். வீட்டுக்காரம்மா, "சோப்பு வாங்கவா வக்கில்ல?" என்று என்னைத் திட்டுகிறார். அம்மா கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுக்கிறாள். குழி மூடிய செய்தியைச் சொன்னேன். "அவன மூடாம இருந்தாச் சரி" என்றாள்.

மாடு வாங்கிவிட்டேன். கட்டில், நல்ல துணி, போன் எல்லாம் போயிற்று. சிருசாவும் எஸ்பெரான்ஸ் அக்காவும் மீதியைப் போட்டார்கள். செம்பழுப்பு நிறம், கறுப்பு மூக்கு, சாது. நபிந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். இந்த வீட்டில் அவள் முதலில் பேசியது அதனிடம்தான். வழி திறந்ததும் சிருசா ஓட்டிக்கொண்டு வருகிறார்.

எதிர்க்குன்றிலிருந்து இறங்கி வந்தவர்களால் இங்குள்ள பள்ளி மைதானம் நிறைந்துவிட்டது. மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு இன்னும் வருகிறார்கள். தண்ணீருக்கு வரிசை, அதே தண்ணீரால் பேதி. அவர்கள் மேல் குண்டு போட்டது உங்கள் கமாண்டரின் ஆட்கள். கிடங்கில் விலை ஏறிவிட்டது என்று முதலாளி எங்கள் எல்லாருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தார். நான் குடித்தேன், அண்ணா. தாகமாக இருந்தது.

ஒரு வரி எழுது. கோடு போட்டு அனுப்பினாலும் போதும்.

நிசிமிரே


ருஷேகா
செப்டம்பர் 20

மதிப்பிற்குரிய சிருசா அவர்களுக்கு,

துக்கத்தில் இருக்கும் உங்களுக்கும் உங்கள் மாமியாருக்கும் வணக்கம். எல்லாரும் உடல்நலத்தோடு இருக்கிறீர்களா? இங்கே மழை தொடங்கிவிட்டது.

மாடு வந்து சேர்ந்தது. கொஞ்சம் மெலிவு, ஆனால் நல்ல சாதி. சொன்ன சொல்லைக் காப்பாற்றினீர்கள்.

உங்கள் மைத்துனன் முகிஷோ சுகமாக இருக்கிறான். கையில் சிறு காயம் என்பதால் அவனுக்குப் பதில் நானே எழுதுகிறேன். இறக்கிவிட வேண்டியதுதான். ஆனால் இப்போது அவன் போன்ற கை இங்கே கிடைப்பதில்லை. படித்த பெண்ணுக்கு ஒரு மாடு குறைவு என்றும் என் ஆட்கள் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு இன்னொரு மாடு வேண்டாம். மறைந்த உங்கள் மனைவி தாதுக் கிடங்கில் வேலை பார்த்தவர் என்று அறிகிறேன். அங்கே உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். ஒரு கட்டு முத்திரைச் சீட்டு வேண்டும். எதிர்க்குன்றும் இப்போது நம் கையில்தான் இருக்கிறது, மணல் குவிந்து கிடக்கிறது. சீட்டு வந்த அன்றே பையன் உங்கள் வண்டியில் ஏறுவான்.

உங்கள் மனைவியின் ஆன்மா இளைப்பாறட்டும்.

கமாண்டர்


புகாவு
அக்டோபர் 4

அன்புள்ள அண்ணா,

நாங்கள் மூவரும் சுகம். உன் கை எப்படி இருக்கிறது? எந்தக் கை?

கமாண்டரின் கடிதத்தைச் சிருசா கொண்டுவந்தார். உன்னைப் பார்த்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். "குழிக்குள்ள இருக்கான்னாங்க பாப்பா. காத்திருக்கேன்னேன். விடல" என்றார்.

சீட்டுகளை எடுத்துவிட்டேன். இரும்புப் பெட்டியின் சாவி சாயங்காலம் என்னிடம்தான் இருக்கும். பேசாத பெண்ணை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஒரு முழுக் கட்டு. இடுப்பில் துணிக்குள் சுற்றிக்கொண்டு, முதலாளிக்கு மாலை வணக்கம் சொல்லிவிட்டு நடந்தேன். "அட, இன்னிக்கு வாயத் தொறந்து வணக்கம் சொல்லுது" என்றார்.

வீட்டுக்கு வரப் பள்ளி மைதானத்தைத் தாண்ட வேண்டும். எதிர்க்குன்றிலிருந்து வந்த ஒரு பெண் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவளுடைய குழந்தைக்குப் பேதியால் உடம்பு நீல நிறமாகிக்கொண்டிருந்தது. "உங்க வீட்டுல காய்ச்சின தண்ணி இருக்குமா, அக்கா?" என்று கேட்டாள். ஓடிப்போய்க் கொண்டுவந்து கொடுத்தேன். ஒவ்வொரு வாயாக ஊற்றினாள். என் இடுப்பில் இருந்த சீட்டு ஒவ்வொன்றும் ஒரு மூட்டை ஆகும், ஒவ்வொரு மூட்டையும் எத்தனை குண்டு ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கணக்கைச் செய்யத்தானே என்னைப் படிக்க வைத்தாய். அவள் எனக்கு நன்றி சொன்னாள்.

மறுநாள் காலை சீட்டுகளைச் சிருசாவின் கூடையில் சீஸுக்கு அடியில் வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

வேறு வழி இருந்ததா என்று யோசிக்கத்தான் செய்கிறேன். நீ வந்து உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு யோசிக்கிறேன். அம்மா காலையிலிருந்து பீன்ஸ் ஊற வைத்திருக்கிறாள்.

வா.

நிசிமிரே


ருஷேகா
ஆகஸ்ட் 28

(நவம்பர் 19 அன்று கைக்கு வந்தது. சீட்டு போய்ச் சேர்ந்தும் சிருசாவின் வண்டி காலியாகவே திரும்பியிருந்தது.)

அன்புள்ள நிசிமிரேவுக்கு,

உன் அண்ணன். நான் சுகம், இந்தமுறை நிஜமாகவே. நீங்கள் மூவரும் எப்படி? அம்மாவின் முழங்கால் புகாவு மேடுகளில் என்ன பாடுபடுகிறது? நபிந்து சிரிக்கிறாளா?

இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. நீ எழுதியிருப்பாய், பாலம்தான் அடைபட்டிருக்கிறது. இதைச் சிருசாவிடம் கொடுக்க முடியாது. பீன்ஸ் விற்கிற ஒருத்தி ஏரிப் பக்கமாக இறங்குகிறாள், அவளிடம் கொடுக்கிறேன். சண்டை ஓயும்வரை வழியில் தங்கித்தான் வருவாளாம்.

இப்போது எல்லா நாளும் வியாழன்தான். குழிக்கு முட்டுக்கொடுக்க மரம் வெட்டக்கூட நேரம் தருவதில்லை. நேற்று என் கூட்டாளி உள்ளே இருக்கும்போதே சரிந்துவிட்டது. அவனை எடுக்க விடவில்லை, பக்கத்தில் புதிதாகத் தோண்டச் சொன்னார்கள். அதனால் நாங்கள் மூன்று பேர் முடிவு செய்துவிட்டோம். இன்று இருட்டியதும் காட்டு வழியாக இறங்குகிறோம். காவல்காரர்கள் எல்லாரும் எதிர்க்குன்றுக்குப் போயிருக்கிறார்கள். இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

ஒன்றை நினைவில் வைத்துக்கொள். நாளை முதல் நான் இங்கே இல்லை. என் பெயரைச் சொல்லி யார் என்ன கேட்டாலும் கொடுக்காதே. மாடு வாங்காதே. வாங்கியிருந்தால் அனுப்பாதே, நபிந்து பால் குடிக்கட்டும். நீ ஒரு தரம் எங்களுக்காகச் செத்தது போதும்.

அம்மாவைப் பீன்ஸ் ஊற வைக்கச் சொல். உப்புக் குறைத்துப் போடச் சொல், அவள் போடும் உப்பு எனக்கு மட்டும்தான் அதிகமாகத் தெரிகிறது என்று நினைக்கிறாள்.

காடு ஒரு வார நடைதான். இந்தப் பீன்ஸ்காரி என்னைவிட வெகு நாள் கழித்துத்தான் வருவாள், அதற்குள் நான் அங்கே உட்கார்ந்து இந்தக் கடிதத்தை உங்களோடு சேர்ந்து படித்துச் சிரித்துக்கொண்டிருப்பேன். எனக்கு முன்னால் கடிதம் வந்துவிட்டால், வழியில் சோம்பி உட்கார்ந்துவிட்டேன் என்று நன்றாகத் திட்டு.

அண்ணன்
முகிஷோ